காரை இறக்கியாச்சு, பின்பக்க அட்ஜஸ்டபிள் ஆர்ம் எதை வாங்குவது?

பின் டயரை வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ராம்பில் தூக்கி, உள்பக்க ஓரத்தைக் கையால் தடவியபோதுதான் தெரிந்தது. இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை, ஓர் இடத்தில் கம்பி வெளியே வந்து விரலில் குத்தியது. கார் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். ஸ்பிரிங் மாற்றி 30 மி.மீ. இறக்கிய பிறகு ஓடியது 11,000 கி.மீ.தான். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து பின்பக்கத்துக்கு அட்ஜஸ்டபிள் ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு பிடித்திருக்கும், நீளத்தை மாற்றக்கூடிய கை) முழு செட்டும், மொத்தம் ஆறு, ஆர்டர் போட்டேன். கடைசியில் அதில் இரண்டுதான் காரில் ஏறின. மீதி நான்கும் எனக்குத் தேவையே இல்லை, அலைன்மென்ட் சீட்டை (சக்கரங்களின் கோணங்களை அளந்து டயர் கடையில் தரும் தாள்) ஒழுங்காகப் படித்திருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே அது தெரிந்திருக்கும். காரை இறக்கிவிட்டு அடுத்து ஆர்ம் வாங்க நினைப்பவர்களுக்கு அந்தச் செலவு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது தினமும் ரோட்டில் ஓட்டி, எப்போதாவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்கோ எடுத்துப்போகும் கார்களுக்குத்தான். முழுக்க ரேஸுக்கு என்றே வைத்திருக்கும் காருக்குக் கணக்கு வேறு, அங்கே சத்தத்தையும் ஆயுளையும் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஆக்டேவியா ஆர்எஸ் இங்கே 2017-இல் 230 குதிரைத்திறனோடு வந்தது, அப்புறம் 2020-இல் 245 குதிரைத்திறனோடு 200 கார்கள் மட்டும் வந்தன. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் எம்க்யூபி அடித்தளம், பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன். வெளிநாட்டு கோல்ஃப் ஜிடிஐயில் இருக்கும் அதே அமைப்புதான் என்பதால் ஆர்ம் தேடும்போது கோல்ஃப் 7 என்று போட்டுத் தேடினால் நிறைய கிடைக்கும். ஆனால் இதே அடித்தளத்தில் வந்த சின்ன இன்ஜின் கார்கள் சிலவற்றில் பின்னால் டார்ஷன் பீம்தான் இருக்கிறது, அதாவது இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே உத்திரம். அதில் மாற்றுவதற்கு ஆர்மே கிடையாது. சக்கரம் மாட்டும் ஸ்டப்புக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துத்தான் கேம்பரையும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம், தலை உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்) டோவையும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பும் கோணம்) கொஞ்சம் திருத்த முடியும். அதனால் காரின் பெயரை மட்டும் வைத்து ஆர்டர் போடாதீர்கள், குனிந்து அடியில் பாருங்கள்.

மல்டிலிங்க்கில் ஒரு பக்கத்துக்கு நான்கு ஆர்ம் இருக்கும். முன்னாலிருந்து பின்னால் போகும் தகடு மாதிரியான டிரெய்லிங் ஆர்ம் ஒன்று. ஃபோர்டு 1998-இல் ஃபோகஸில் கொண்டுவந்த கன்ட்ரோல் பிளேடும் இதே யோசனைதான். குறுக்கே போவது மூன்று: மேலே குட்டையாக ஒரு அப்பர் ஆர்ம், கீழே ஸ்பிரிங் உட்காரும் பெரிய கிண்ணம் வைத்த லோயர் ஆர்ம், அப்புறம் ஒல்லியான டோ லிங்க். டிரெய்லிங் ஆர்மைத் தொடவே வேண்டாம். பிரேக் போடும்போதும் பள்ளத்தில் விழும்போதும் வருகிற நீளவாக்கு அடியை எல்லாம் அதுதான் வாங்குகிறது, அதன் முன் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) வேண்டுமென்றே மெத்தென்று இருக்கும், அதைக் கெட்டியாக்கினால் ஒவ்வொரு ரோட்டு இணைப்பும் முதுகில் தெரியும்.

கணக்கு எளிதுதான். அப்பர் ஆர்மை நீட்டினால் சக்கரத்தின் தலை வெளியே போகும், நெகட்டிவ் கேம்பர் குறையும். லோயர் ஆர்மை நீட்டினால் சக்கரத்தின் கால் வெளியே போகும், நெகட்டிவ் கூடும். டோவைப் பொறுத்தவரை, அச்சுக்கு முன்னால் இருக்கும் ஆர்மை நீட்டினால் சக்கரத்தின் மூக்கு வெளியே போய் டோ-அவுட் ஆகும், பின்னால் இருப்பதை நீட்டினால் டோ-இன். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் விற்பவர் என்ன சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

சீட்டு இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்

காரை இறக்கும்போது மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் ஒரே மாதிரி சாய்வதில்லை. மேலே குட்டை, கீழே நீளம் என்பதால் மேல் ஆர்ம் சக்கரத்தின் தலையை வேகமாக உள்ளே இழுக்கும். அதனால்தான் இறக்கிய காரின் பின்சக்கரம் பின்னாலிருந்து பார்த்தால் காலை அகட்டி நிற்பது போலத் தெரிகிறது. எவ்வளவு என்பது காருக்குக் கார் மாறும், அதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டயர் கடை என்றால் நாலு சக்கரத்துக்கும் கேமரா வைத்து அளக்கும் இடமாகப் பாருங்கள். பல இடங்களில் முன் சக்கரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு "பின்னால அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது சார்" என்று அனுப்பிவிடுவார்கள். மல்டிலிங்க் காரில் அது தவறு. போகும்போது பாதி டேங்க் பெட்ரோல், நாலு டயரிலும் சரியான காற்று, டிக்கியில் நிரந்தரமாகக் கிடக்கும் சாமான் தவிர வேறு எதுவும் வேண்டாம். வீட்டிலேயே சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த நாலு எண்கள் பிறகு ஆர்ம் மாட்டும்போது மிகவும் முக்கியம், போன் நோட்ஸில் போட்டு வையுங்கள்.

அளப்பதற்கு முன் புஷ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிந்த புஷ்ஷோடு எடுத்த எண் நின்ற இடத்தில் ஒன்று, ஓடும்போது வேறு ஒன்று. இடது வலது கேம்பர் வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல் இருந்தால் இறக்கியதால் வந்ததாக இருக்காது, ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, பெரும்பாலும் ஒரு பள்ளத்தின் வேலை. அங்கே அட்ஜஸ்டபிள் ஆர்ம் போட்டால் சீட்டில் எண் அழகாக வரும், வளைந்த பாகம் அப்படியே காரில் இருக்கும். அது ஆபத்து. முதலில் வளைந்ததைக் கண்டுபிடித்து மாற்றுங்கள்.

அடுத்து, அதிகம் பேர் செய்யாத ஒரு சோதனை, ஆனால் பணத்தை மிச்சப்படுத்துவது இதுதான். கம்பெனி கொடுத்த அமைப்பிலேயே பின்னால் எக்சென்ட்ரிக் போல்ட் உண்டு, தலையில் கோணலாக வைத்த வட்டத் தட்டோடு இருக்கும், திருப்பினால் ஆர்மின் உள்முனை சில மி.மீ. நகரும். கேம்பருக்கான எக்சென்ட்ரிக்கை நெகட்டிவ் குறையும் பக்கமாகக் கடைசிவரை திருப்பி, எந்த எண் வருகிறது என்று பார்த்து, அந்தச் சீட்டையும் பிரின்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். 15 நிமிட வேலை. 15, 20 மி.மீ. மட்டும் இறக்கிய கார்களில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே சரியாகிவிடும் என்பது நான் பார்த்தவரை உண்மை, அப்படியென்றால் ஆர்ம் வாங்காமல் வீட்டுக்குப் போகலாம். கடற்கரை ஊர்களில் இந்தப் போல்ட் உள் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும், திருப்பவே வராது. அது வேறு பிரச்சினை. போல்டை அறுத்து எடுத்து, புது போல்ட்டும் தேவைப்பட்டால் புது கம்பெனி ஆர்மும் போட்டாலே போதும்.

என் சீட்டில் பின் இடது கேம்பர் மைனஸ் 2 டிகிரி 35 நிமிடம் (கோணத்தில் 60 நிமிடம் ஒரு டிகிரி), வலது மைனஸ் 2 டிகிரி 20. எக்சென்ட்ரிக்கைக் கடைசிவரை திருப்பியும் மைனஸ் 2-ஐத் தாண்டி வரவில்லை. டோ மட்டும் எக்சென்ட்ரிக்கிலேயே சரியான எண்ணுக்கு வந்தது, இன்னும் இடமும் மிச்சம் இருந்தது. ஆக எனக்குத் தேவை இரண்டு அப்பர் ஆர்ம். டோ லிங்க்கும் வேண்டாம், லோயரும் வேண்டாம். இப்படித்தான் சீட்டைப் படிக்க வேண்டும்: எந்த எண் கைக்கு வரவில்லையோ அதற்கான ஆர்ம் மட்டும்.

எந்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்?

டயர் தேய்ந்ததற்குக் கேம்பரை மட்டும் குற்றம் சொல்லிவிடுகிறோம். என் டயரைத் தின்றது பாதிக்கு மேல் டோதான், இறக்கிய அன்று டோ எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. டோ சரியாக இருக்கும் பட்சத்தில் மைனஸ் 2 கேம்பரோடுகூட டயர் ஓரளவு சமமாகத்தான் தேயும். டோ தப்பாக இருந்தால் டயர் ஒவ்வொரு மீட்டரும் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகிறது, அந்த உரசலைக் கேம்பர் உள் ஓரத்தில் குவித்துவிடுகிறது. பின்னால் டோ-அவுட் இருந்தால் இன்னொரு தொல்லை, அதிக வேகத்தில் பிரேக் அழுத்தும்போது வால் அலைபாயும், மழையில் அது பயமாகவே இருக்கும். தினசரி காருக்குப் பின்னால் ஒரு பக்கத்துக்கு 5 முதல் 10 நிமிடம் டோ-இன் வைக்கிறேன். 18 அங்குல ரிம்மில் 10 நிமிடம் என்பது ஏறக்குறைய 1.3 மி.மீ.தான், அவ்வளவு நுணுக்கமான விஷயம்.

கேம்பரில் முன் சக்கரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆர்எஸ் முன்சக்கர இழுவைக் கார், அதன் இயல்பே வளைவில் மூக்கு வெளியே தள்ளுவது. காரை இறக்கிய பிறகு முன்னால் மைனஸ் 50 நிமிடம், பின்னால் மைனஸ் 2 டிகிரி 30 என்று நின்றால் பின் டயருக்கு வளைவில் தேவைக்கு மேல் பிடிப்பு இருக்கிறது, முன் டயர் அதோடு போட்டி போட முடியாமல் கைவிடுகிறது. பலர் இறக்கிய பிறகு "கார் முன்னைவிட மந்தமாகத் திரும்புது" என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பின்னால் நெகட்டிவைக் குறைத்தால் கார் திரும்ப ஆரம்பிக்கும். நான் மைனஸ் 1 டிகிரி 40-இல் வைத்திருக்கிறேன், ரோட்டுக்கு மைனஸ் 1 டிகிரி 20 முதல் மைனஸ் 1 டிகிரி 45 வரை நல்ல இடம் என்பது என் கருத்து. அதைவிடக் குறைத்து பூஜ்ஜியம் பக்கம் போகாதீர்கள், மழை நாளில் நெடுஞ்சாலை வளைவில் வால் திடீரென்று விட்டுவிடும். பின்சக்கர இழுவைக் கார் வைத்திருப்பவர்களுக்குக் காரணம் வேறு, பின் டயர்தான் காரைத் தள்ளவும் வேண்டும், கேம்பர் கூடினால் தரையோடு ஒட்டும் அகலம் குறைந்து ஆக்சிலரேட்டர் மிதித்ததும் சுழலும்.

இப்போது நீளக் கணக்கு. சக்கர நக்கிளில் (சக்கரம் மாட்டியிருக்கும், ஆர்ம்களின் வெளிமுனை சேரும் பாகம்) மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று உங்கள் காரில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 1 டிகிரி கேம்பருக்கு ஆர்ம் 5 மி.மீ. நீள வேண்டும், அவ்வளவுதான். விளம்பரத்தில் 25 மி.மீ. அட்ஜஸ்ட்மென்ட், 40 மி.மீ. அட்ஜஸ்ட்மென்ட் என்று போடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம், ரோட்டுக் காருக்கு 8 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் காரை அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறோம் என்று அர்த்தம். ஆர்மை நீட்ட நீட்ட மரை வெளியே வருகிறது, உள்ளே பிடித்திருக்கும் மரையின் நீளம் குறைகிறது. மரையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமாவது உள்ளே இருக்க வேண்டும், 16 மி.மீ. மரை என்றால் 24 மி.மீ. சில ஆர்ம்களில் இதைப் பார்க்கவே ஒரு சின்ன ஓட்டை போட்டிருப்பார்கள், அதற்குள் மரை தெரிந்தால் சரி.

அட்ஜஸ்ட் செய்யும் விதத்தையும் பாருங்கள். ஒரு முனையில் வலது மரை, இன்னொரு முனையில் இடது மரை இருந்தால் காரில் மாட்டியபடியே நடுக் குழாயைத் திருப்பலாம். மரையின் இடைவெளி 1.5 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. நீளும், நடுவில் உள்ள ஆறு பட்டையில் ஒரு பட்டை திருப்பினால் அரை மி.மீ., அதாவது கேம்பரில் 6 நிமிடம் பக்கம். அலைன்மென்ட் மெஷினில் எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு ஸ்பேனரில் முடிகிற வேலை. ஒரு முனையில் மட்டும் மரை உள்ள ஆர்ம் மலிவு, ஆனால் ஒவ்வொரு முறையும் போல்டைக் கழற்றி, முனையைத் திருப்பி, மறுபடி மாட்டி, காரை இறக்கி அளக்க வேண்டும். எந்த டயர் கடையிலும் அதை இரண்டு முறைக்கு மேல் செய்து தர மாட்டார்கள்.

மூட்டைப் பார்த்து வாங்குங்கள், பெயரைப் பார்த்து அல்ல

எந்த பிராண்ட் என்பதுதான் என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. ஹார்ட்ரேஸ், சூப்பர்ப்ரோ, வைட்லைன், 034 மோட்டார்ஸ்போர்ட் எல்லாம் நன்றாக அறியப்பட்ட பெயர்கள்தான். ஆனால் ஒரே பிராண்டிலேயே ஒரே ஆர்ம் இரண்டு வகை மூட்டோடு வருவது உண்டு, காரில் உட்கார்ந்தால் இரண்டும் வேறு வேறு கார் மாதிரி இருக்கும். அதனால் ஆர்மின் இரண்டு முனையிலும் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ரப்பர் புஷ்: கம்பெனி போடுவது. உள் குழாயும் வெளிக் குழாயும் ரப்பரோடு ஒட்டியே இருக்கும், ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் ஆர்ம் அசைகிறது. சத்தம் இல்லை, தண்ணீருக்கும் புழுதிக்கும் கவலை இல்லை. கெட்டி ரப்பர் புஷ்ஷோடு அட்ஜஸ்டபிள் ஆர்ம் கிடைக்கிறது, காரில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

பாலியூரித்தேன்: இங்கே எல்லோரும் பாலி புஷ் என்பார்கள். இது முறுக்குவதில்லை, உள் குழாயின் மேல் வழுக்கிச் சுற்றுகிறது, அதனால் கிரீஸ் வேண்டும், கிரீஸ் வற்றினால் கீச்சிடும். ஒரே திசையில் ஏறி இறங்கும் ஆர்முக்கு நன்றாக இருக்கும். ஆனால் மல்டிலிங்க்கில் சக்கரம் மேலே வரும்போது டிரெய்லிங் ஆர்மின் வட்டத்தில் முன்பின்னாகவும் நகர்கிறது, குறுக்கு ஆர்மின் வெளிமுனை சாய்ந்து கொடுத்தாக வேண்டும். இரண்டு முனையிலும் கெட்டி பாலி வைத்த அப்பர் ஆர்ம் அப்படிச் சாய்ந்து கொடுக்க மறுக்கும். அது தானே ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலைசெய்து, சஸ்பென்ஷனை இறுக்கிப் பிடிக்கும், பிராக்கெட்டில் தேவையில்லாத பாரம் ஏறும். உள்முனையில் பாலி, வெளிமுனையில் பந்து மூட்டு என்று வருவதை வாங்கலாம். இரண்டு முனையிலும் பாலி என்றால் வேண்டாம்.

திறந்த பந்து மூட்டு: ரோஸ் ஜாயின்ட் என்றும், ஜப்பான் கார்க்காரர்கள் பில்லோ பால் என்றும் சொல்வது. துளிகூட ஆட்டம் இல்லை, எந்தத் திசையிலும் சாயும், டிராக்கில் ஸ்டீயரிங் சொன்னதைப் பின்பக்கம் உடனே கேட்கும். ஆனால் உள்ளே இருக்கும் மெல்லிய டெஃப்லான் பூச்சுக்கு மணலும் சேற்றுத் தண்ணீரும் எமன். முதலில் நான் மாட்டியது இதைத்தான். அக்டோபரில் மாட்டி, வடகிழக்குப் பருவமழை முழுக்கச் சென்னையில் ஓட்டினேன், சுரங்கப்பாதைத் தண்ணீரிலும் இரண்டு முறை போனது. ஜனவரி கடைசியில் ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம், டிக்கியில் ஸ்பேனர் கிடப்பது போல. டிக்கியைக் காலி செய்து பார்த்தேன், சத்தம் போகவில்லை. அப்புறம் காரை பிட்டின் மேல் நிறுத்தி, நான் கீழே இறங்கி மூட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நண்பரைப் பின் பம்பரை அமுக்கி அமுக்கி விடச் சொன்னேன். தேய்ந்த மூட்டு ஒவ்வொரு அமுக்கலுக்கும் விரலில் 'டிக்' என்று தட்டும், நல்ல மூட்டில் ஒன்றும் தெரியாது. இடது பக்கம் தட்டியது. உங்கள் காரில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதபோது இந்த முறையைச் செய்து பாருங்கள், காதைவிட விரல் நம்பகமானது.

மூடிய பந்து மூட்டு: ஸ்டீயரிங் டை ராட் எண்டில் இருக்குமே, ரப்பர் பூட் போட்டு உள்ளே கிரீஸ் அடைத்தது, அது மாதிரி. ஆட்டம் இல்லை, புழுதி போகாது, சத்தம் ரப்பரைவிடக் கொஞ்சம்தான் கூட. நம் ஊர் ரோட்டில் ஓட்டிக்கொண்டே எப்போதாவது டிராக்குக்கும் போகிறவர்களுக்கு, வெளிமுனையில் இதுவும் உள்முனையில் கெட்டி ரப்பரும் உள்ள அப்பர் ஆர்ம்தான் என் தேர்வு, இப்போது என் காரில் இருப்பதும் அதுதான். பூட் கிழிகிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்த்தால் போதும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி என்றால் இது: மூட்டு தேய்ந்தால் மூட்டை மட்டும் தனியாகத் தருவீர்களா? "ஆர்ம் செட்டாகத்தான் வரும்" என்று பதில் வந்தால் அந்த ஆர்மின் உண்மையான விலை நீங்கள் கட்டும் விலையைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் கூரியரும் சுங்க வரியும் மறுபடி மேலே சேரும்.

டோ லிங்க்கில் மட்டும் கெட்டி மூட்டு போட ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வளைவில் வெளிச்சக்கரத்தில் பாரம் ஏறும்போது சக்கரம் தானே கொஞ்சம் டோ-இன் ஆகும்படி, எந்தப் புஷ் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனி ஒவ்வொன்றையும் வைக்கிறது. ஒன்றை மட்டும் இரும்பு மாதிரி கெட்டியாக்கி, இன்னொன்றைத் தேய்ந்த பழைய ரப்பரில் விட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும், சில சமயம் தலைகீழாகவும் மாறும். டோ லிங்க் மாற்றுவதென்றால் லோயர் ஆர்மின் புஷ்ஷும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் புது ரப்பராவது.

ஸ்பிரிங் உட்காரும் லோயர் ஆர்மை அட்ஜஸ்டபிளாக மாற்றுவது எனக்குப் பிடிக்காது. ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லை, ஆர்மின் நடுப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. உள்மூட்டிலிருந்து 65 சதவீத நீளத்தில் ஸ்பிரிங் இருந்து, சக்கரத்தில் 300 கிலோ பாரம் என்றால் ஸ்பிரிங் தாங்குவது 460 கிலோ, அதுவும் கார் சும்மா நிற்கும்போது. பள்ளத்தில் விழுந்தால் அது பல மடங்கு. ஆர்மை வளைக்கப் பார்க்கும் அந்தப் பாரத்தை எல்லாம் மரை போட்ட ஒரு இணைப்பு தாங்க வேண்டும். ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) ஒன்றாக இருக்கும் கார்களில், ஆர்மில் பாரம் ஏறாத இடத்தில், லோயர் ஆர்மை மாற்றுவது வேறு விஷயம். டொயோட்டா 86 மாதிரி கம்பெனியே பின் கேம்பருக்கு அட்ஜஸ்ட்மென்ட் தராத கார்களில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நம் வகைக் காரில் அப்பர் ஆர்மிலேயே வேலை முடியும்.

இரும்பா அலுமினியமா என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். இரும்பு அளவுக்கு மீறி அடி வாங்கினால் வளைந்து காட்டிக்கொடுக்கும், கம்பெனி ஆர்மும் தகட்டு இரும்புதான். அலுமினியம் எடை குறைவு, துரு இல்லை, ஆனால் இரும்பு மரை அலுமினியத்துக்குள் போகும் இடத்தில் உப்புக்காற்று ஊரில் ஒரு வருடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவாமல் மாட்டாதீர்கள். வெல்டிங் இருந்தால் அதை உற்றுப் பாருங்கள், மீன் செதில் மாதிரி ஒரே சீராக இருக்க வேண்டும், குமிழியும் கருகலும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். லேத்தில் ஒருவரிடம் கொடுத்து கம்பெனி ஆர்மையே வெட்டி மரை வைத்துத் தருகிறேன் என்றால் தயவுசெய்து வேண்டாம், இது சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகம்.

வாங்குவதற்கு முன் இன்னும் சில சின்ன விஷயங்கள். ஹெட்லைட் தானே உயரம் சரிசெய்யும் கார்களில் பின் ஆர்மில் ஒரு சென்சார் கம்பி இருக்கும், புது ஆர்மில் அதற்கு இடம் உண்டா என்று படத்தில் பாருங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் ஆர்மின் தடிமனான நடுப்பகுதியில் உரசக்கூடாது. சக்கரத்தின் தலையை வெளியே தள்ளுகிறோம் என்பதால் அகல டயர் போட்டவர்களுக்குப் பின் சீட்டில் மூன்று பேர் உட்காரும்போது ஃபெண்டரில் உரசலாம். சட்டத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும்: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. வாரன்டி இருக்கும் காராக இருந்தால் சர்வீஸ் சென்டர் சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்ட எதற்கும் கை விரிக்க ஆர்ம் மாற்றியது ஒன்றே போதும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது

ரப்பர் புஷ் உள்ள எந்த ஆர்மையும் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுக்க இறுக்கக் கூடாது. எனக்கு ஒரு கேரேஜில் அப்படித்தான் இறுக்கிக் கொடுத்தார்கள், நான் பக்கத்தில் இல்லை. காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றுவிட்டது, பின்பக்கம் 1 செ.மீ. தூக்கியே இருந்தது, ஐந்தாவது மாதம் புஷ் விளிம்பில் பிறை வடிவத்தில் கிழிசல். சரியான முறை: போல்ட்களைக் கையால் இறுக்கிவிட்டு, நக்கிளுக்கு அடியில் ஜாக் வைத்து, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நீங்கள் முன்பே எழுதி வைத்த அந்த எண் வரும்வரை தூக்கி, அப்போது டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குவது. இந்தக் கார்களில் பல போல்ட்கள் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசை) இறுக்கிய பிறகு சொன்ன கோணமும் கூடத் திருப்ப வேண்டிய வகை, ஒரு முறைதான் பயன்படும். அந்தப் போல்ட் நட்டுகளை ஆர்மோடு சேர்த்தே வாங்கி வையுங்கள், வேலை நடுவில் தேடினால் கிடைக்காது.

பழைய ஆர்மைக் கழற்றியதும் அதன் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள நீளத்தை அளந்து, புது ஆர்மை அதே நீளத்தோடு 5 மி.மீ. கூட்டி வைத்து மாட்டினால் அலைன்மென்ட்டுக்குப் போகும்வரை கார் ஒழுங்காக ஓடும். எக்சென்ட்ரிக்கை நடு நிலையில் வையுங்கள், பெரிய திருத்தம் ஆர்மில், சின்ன திருத்தம் எக்சென்ட்ரிக்கில். மெஷினில் முதலில் கேம்பர், அப்புறம்தான் டோ, ஏனென்றால் கேம்பரைத் தொட்டால் டோவும் கூடவே நகரும். டிரைவர் சீட்டில் நீங்களே உட்கார்ந்துகொண்டு எண் வைக்கச் சொல்லுங்கள். லாக் நட் இறுக்கும்போது மூட்டு சாய்ந்து போய் ஓரத்தில் முட்டாமல், தன் அசைவின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பெரிய பள்ளத்தில் மூட்டு முட்டி மரையில் அடி விழும்.

எல்லாம் முடிந்ததும் லாக் நட்டிலிருந்து குழாய்வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். 500 கி.மீ. கழித்துப் பாருங்கள், கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது, மறுபடி இறுக்கி மறுபடி அலைன்மென்ட். அப்புறம் ஒவ்வொரு 5,000 கி.மீ.க்கும், பெரிய பள்ளம் ஏதாவது விழுந்தால் அன்றைக்கே. கழற்றிய கம்பெனி ஆர்ம்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். இரண்டையும் துடைத்து, இடது வலது என்று எழுதி, துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். என்றைக்காவது ஒரு மூட்டு போய், புது மூட்டு வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும்போது, அதை மாட்டித்தான் கார் ஓட வேண்டியிருக்கும்.